மோட்டார் சைக்கிளும் மரத்துப்போகும் விரல்களும்

மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்ந்தவரை அந்த வண்டி மூன்று இடங்களில் தாங்குகிறது. ஆசனம் ஓர் இடம். பாதம் ஊன்றும் ஃபுட்ரெஸ்ட் இரண்டாவது இடம். கைகள் பற்றியிருக்கும் ஹாண்டில்பார் மூன்றாவது இடம். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணம் ஓட்டுகிறவருடைய உடம்புக்குப் பொருந்தியிருந்தால், நெடுந்தூரம் போன பிறகும் அவர் முகம் வாடாமல் இறங்குவார். பொருந்தாவிட்டால் ஐம்பதாவது கிலோமீட்டரிலேயே கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொள்வார். ஒரு கையை எடுத்து உதறிக்கொள்வார்.

இம்மூன்றில் ஃபுட்ரெஸ்ட் வண்டியின் சட்டத்தோடு பிணைந்தது. அதை இடம் மாற்றினால் கியரும் பின் பிரேக்கும் கூடவே இடம் மாறவேண்டும். ஆசனத்தைத் திருத்துவதற்கும் தனியே ஒரு தொழிலாளி வேண்டும். ஹாண்டில்பார் அப்படியல்ல, நான்கு திருகுகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். ஆகவே நெடும் பயணம் போகிறவர்கள் தங்கள் வண்டியில் முதலில் மாற்ற நினைப்பது ஹாண்டில்பாரைத்தான். தொழிற்சாலையில் பொருத்திக் கொடுத்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் கடையில் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மாற்றத்தால் எப்போது சுகம் உண்டாகிறது, எப்போது பழைய துன்பம் போய்ப் புதிய துன்பம் வந்து சேருகிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய்ந்து பார்க்க எண்ணுகிறேன்.

நான் வசிப்பது வேங்கிக்காலில். திருவண்ணாமலை நகரத்தை அடுத்து, வேலூர்ச் சாலையில் உள்ள ஊர் இது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் சாரி சாரியாக வரும். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வந்தாலும் சரி, பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக வந்தாலும் சரி, தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் நான்கைந்து மணி நேரப் பயணம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களைக் கண்டு நாம் வியப்பதில்லை. வண்டியிலிருந்து இறங்கிக் கையைப் பிடித்துக்கொள்கிறவரைக் கண்டால் மட்டும், “உட்கார்ந்துகொண்டுதானே வந்தீர்கள்?” என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரே நிலையில் நான்கு மணி நேரம் கைகளை நீட்டி வைத்திருப்பது எளிய வேலை அன்று.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சனிக்கிழமை மாலை மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வருவார். திங்கட்கிழமை விடியுமுன் புறப்பட்டுப் போவார். ஒருநாள் அவர் என்னிடம் வந்து, “ஐயா, திண்டிவனம் தாண்டுவதற்குள் வலக்கையில் இரண்டு விரல்கள் எனக்குச் சொந்தமில்லை என்பதுபோல் ஆகிவிடுகின்றன. ஹாண்டில்பாரை நன்றாக உயர்த்தி மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார். “எந்த இரண்டு விரல்கள், தம்பி?” என்று கேட்டேன். இந்தக் கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் இதற்குக் கிடைக்கும் விடையில்தான் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

நம் கைவிரல்களுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளில் முக்கியமான இரண்டு, மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கைக்குள் நுழைகின்றன. ஒன்று அல்நார் நரம்பு. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல் வரையில் ஏதோ மின்சாரம் ஓடுவது போல் இருக்கிறதல்லவா? அது இந்த நரம்பின் வேலை. மணிக்கட்டை அடுத்து, சுண்டுவிரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டுக்குள் ஒரு குறுகிய வாய்க்கால் இருக்கிறது. 1861-இல் அதை விவரித்த கியோன் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரே அதற்கு வழங்குகிறது. அல்நார் நரம்பு இந்த வாய்க்கால் வழியாகச் சென்று, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி அளிக்கிறது. மற்றொன்று மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவே, எலும்புகளுக்கும் அவற்றின்மேல் பாலம் போல் கிடக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே ஒரு சுரங்கம் உண்டு. அதில் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இந்த நரம்பு போகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்ச்சி பெரும்பாலும் இதைச் சார்ந்தது.

ஆகவே சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால், உடம்பின் பாரம் உள்ளங்கையின் அடிமேட்டில் இறங்குகிறது என்று ஊகிக்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஹாண்டில்பார் தாழ்வாகவோ எட்டாத தொலைவிலோ இருப்பதாகும். கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனால், மணிக்கட்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடிந்து கிடக்கிறது என்று ஊகிக்கலாம். அங்கே உயரத்தைவிடக் கோணமே பெரும்பாலும் குற்றவாளி. நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. எதையும் கேளாமல் உயரமான ஹாண்டில்பார் ஒன்றை வாங்கி மாட்டுவது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சூரணத்தைக் கொடுப்பது போன்றது. இறங்கி நெடுநேரம் ஆன பிறகும் விரல்கள் தெளியாவிட்டால், அல்லது இரவில் உறக்கத்திலும் மரத்துப்போனால், அது மெக்கானிக்கிடம் போகவேண்டிய காரியம் அன்று; மருத்துவரிடம் போகவேண்டும்.

இதை ஒரு சிறு தொல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முன் பிரேக்கின் லீவரை இழுப்பது இந்த வலக்கைதான். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரல்கள் உணர்ந்தால்தான் அளவாக அழுத்த முடியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. மரத்த கை லீவரைத் தேடிப் பற்றுவதற்கு அரை விநாடி தாமதித்தால், வண்டி அதற்குள் எட்டு மீட்டர் கடந்திருக்கும். எதிரே ஒரு மாடோ ஒரு குழந்தையோ குறுக்கிட்டிருந்தால் அந்த எட்டு மீட்டர் எவ்வளவு பெரிது என்று சொல்லவேண்டியதில்லை.

பாரத்தோடு அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உருவான ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் சேர்ந்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் அமைந்த அதன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட் வண்டியை அறியாதவர் இல்லை. அந்தப் பழைய புல்லட்டின் எஞ்சினில் ஒரே ஓர் உருளை. அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள், கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர் வரும். கனத்த பிஸ்டன் ஒன்று ஒன்பது சென்டிமீட்டர் மேலே போய்த் திரும்பிக் கீழே வருகிறது. ஒவ்வொரு முறை அது திசை திரும்பும்போதும் வண்டி முழுவதும் குலுங்குகிறது.

கிராங்கின் மறுபக்கத்தில் ஓர் எடையை வைத்து இதை ஈடு செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் ஓடுகிறது. அந்த எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. மேலும் கீழுமாக உள்ள குலுக்கலை அது முழுவதும் ஈடு செய்தால், அதே குலுக்கல் முன்னும் பின்னுமாகப் புறப்பட்டுவிடும். ஆகவே ஒரு பங்கை மட்டும் ஈடு செய்து, மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வதே வழக்கமாயிற்று. அதே நிறுவனம் 2020 முதல் கொண்டுவந்த 349 சி.சி. எஞ்சினில், எதிர்த்திசையில் சுழலும் சமனெடைத் தண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். குலுக்கல் பெரிதும் அடங்கியது. ஆனாலும் பழைய புல்லட்டுகள் சாலையில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை விரும்புகிறவர்கள் அந்தக் குலுக்கலையும் சேர்த்தே விரும்புகிறார்கள்! எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 50 குலுக்கல்கள். நான்கு மணி நேரத்தில் 7,20,000. அத்தனையும் ஹாண்டில்பார் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேருகின்றன.

அப்படி வந்து சேரும்போது ஹாண்டில்பார் அவற்றைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். இதை நீங்கள் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். எஃகு அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் வைத்து, ஒரு பகுதியை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, மேசைமேல் உள்ள பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நீட்டிய முனையைச் சுண்டிவிட்டால் அது படபடவென்று அதிரும். நீட்டிய நீளத்தைப் பாதியாக்கிச் சுண்டினால், அதிர்வு நான்கு மடங்கு விரைவாகும். முனையில் சிறிது களிமண்ணை ஒட்டிவிட்டுச் சுண்டினால் அதிர்வு மந்தமாகும். ஹாண்டில்பாரும் இத்தகையதே. நடுவில் அதைக் கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கென்று ஓர் இயற்கை அதிர்வு வேகம் உண்டு. எஞ்சினின் குலுக்கல் அந்த வேகத்தோடு ஒத்துப்போனால், ஊஞ்சலைத் தக்க தருணம் பார்த்துத் தள்ளுவது போல, ஆட்டம் பெருகிக்கொண்டே போகும்.

புது ஹாண்டில்பார் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எண்ணிப் பாராத விஷயம் இது. அளவுகோல் கணக்கையே ஏறத்தாழ இங்கும் வைத்துக்கொண்டால், பழையதைவிடப் பத்தில் ஒரு பங்கு நீளமானதை மாட்டும்போது அதன் இயற்கை அதிர்வு வேகம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பழையது 4,000 சுற்றில் அதிர்ந்தது என்றால், புதியது ஏறக்குறைய 3,300 சுற்றிலேயே அதிரத் தொடங்கும். பழையது அதிர்ந்த வேகத்தில் அவர் ஓட்டுவதே இல்லை. புதியது அதிரும் வேகமோ அவர் அன்றாடம் போகும் வேகம். முதுகு சுகப்பட்டது, கை கெட்டது என்று சிலர் குறைப்படுவதன் காரணம் இதுதான். அதற்கு மாற்றும் அந்தக் களிமண்தான். ஹாண்டில்பாரின் இரு முனைகளிலும் செருகி இறுக்கும் எடைத் துண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை அதிர்வு வேகத்தைத் தாழ்த்தி, முனை ஆடும் வீச்சையும் குறைக்கின்றன.

அதிர்வு கையை என்ன செய்யும் என்பது புதிய செய்தி அன்று. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த பெட்ஃபோர்டு என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புப் பாறை செதுக்கிய தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவ அம்மையார் ஆராய்ந்து, 1918-இல் அறிக்கை வெளியிட்டார். குளிர்ந்த காலை வேளைகளில் அவர்களுடைய விரல்கள் இரத்தம் வற்றி வெளுத்து, உணர்விழந்து போயின. வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு தூரம் நேர்ந்துவிடாது. ஆனால் அன்றாடம் பல மணி நேரம் வண்டியிலேயே கழிக்கும் தொழிலாளர்கள் இன்று நம் நகரங்களில் பெருகியிருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் இது சிந்திக்கத்தக்க செய்திதான். இங்கே கவனிக்கவேண்டியது இன்னொன்று: கை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு மிகுதியாக அதிர்வு உள்ளே போகிறது. எட்டாத இடத்தில் இருக்கும் பிடியை யாரும் தளர்வாகப் பற்ற முடியாது. ஆகவே இருக்கையின் கோணமும் அதிர்வும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல.

இனி உடம்பின் சாய்வுக்கு வருவோம். தலை, கைகள், மார்பு, வயிறு எல்லாம் சேர்ந்து உடம்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 40 கிலோ. நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த 40 கிலோவும் ஆசனத்தில் இறங்கும். முன்னே சாய்ந்தால் அது இடுப்பை மையமாகக் கொண்டு முன்பக்கம் விழப் பார்க்கும். 10 டிகிரி சாய்வில் இருக்கும் விழுவிசையைவிட 30 டிகிரி சாய்வில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. முதுகின் தசைகளும் கைகளுமே அதைத் தாங்கவேண்டும். முதுகு களைத்தவுடன் பாரம் முழுவதும் உள்ளங்கைக்கு வருகிறது.

அப்படியானால் பந்தய வண்டிகளில் ஹாண்டில்பாரை ஏன் தாழ்த்தி வைக்கிறார்கள்? காற்றுக்காக. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் மார்பைத் தள்ளும் காற்று, 100 கிலோமீட்டரில் ஏறத்தாழ 2.8 மடங்கு பலத்தோடு தள்ளும். வேகமாகப் போகிறவனுக்குக் காற்றே ஒரு தலையணை. முன்னே சாய்ந்த உடம்பை அது தாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகிறவனுக்கு அந்தத் தலையணை கிடையாது.

இந்த உண்மையை மிக அழகாகக் காட்டும் இரண்டு வண்டிகள் தமிழ்நாட்டிலேயே தயாராகின்றன. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2018-இல் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என்ற இரு வண்டிகளை ஒன்றாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் 648 சி.சி. கொள்ளளவுள்ள அதே இரட்டை உருளை எஞ்சின். ஒன்றில் அகலமான, உயர்ந்த ஹாண்டில்பார். நடுவில் அதை வலுப்படுத்தும் ஒரு குறுக்குக் கம்பி. மற்றொன்றில் நீண்ட தண்டே கிடையாது. முன் ஃபோர்க்கின் இரு குழாய்களிலும் தனித்தனியே கவ்வியிருக்கும் இரண்டு குட்டைப் பிடிகள். ஃபுட்ரெஸ்டும் சற்றுப் பின்னே தள்ளி இருக்கும். ஒன்றில் அமர்ந்தவர் ஊர் பார்க்கப் புறப்பட்டவர் போல் இருப்பார். மற்றொன்றில் அமர்ந்தவர் யாரையோ துரத்துகிறவர் போல் இருப்பார். கான்டினென்டல் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. லண்டனில் ஏஸ் கஃபே போன்ற சாலையோரச் சிற்றுண்டிச் சாலைகளில் கூடி, அங்கிருந்து பந்தயம் விட்ட இளைஞர்கள், 1950-களில் தங்கள் வண்டிகளின் ஹாண்டில்பாரைத் தாமே கழற்றிவிட்டுத் தாழ்வான பிடிகளை மாட்டிக்கொண்டார்கள். அந்த மோகத்தைக் கண்டு, இங்கிலாந்தில் இருந்த அதே கம்பெனி, 1964-இல் தாழ்ந்த பிடிகளோடு 250 சி.சி. கான்டினென்டல் ஜி.டி.யைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. கடையில் வாங்கி மாட்டியது தொழிற்சாலைக்குள் புகுந்த கதை இது.

அதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்கள் அமெரிக்கர்கள். கைகள் தோளுக்கும் மேலே நிற்கும்படி, கிளையைப் பற்றித் தொங்கும் குரங்கைப் போல் தோன்றச் செய்யும் ஹாண்டில்பார்களை அவர்கள் விரும்பினார்கள். பார்வைக்கு மிடுக்குத்தான். ஆனால் இதயத்துக்கு மேலே தூக்கிய கை விரைவில் சோர்ந்துவிடும் என்பதைக் கரும்பலகையில் உயரத்தில் எழுதிப் பார்த்த எந்த ஆசிரியரும் சொல்வார். நிமிர்ந்த மார்பு காற்றைப் பாய்மரம் போல் வாங்கும். அது பின்னே தள்ளாமல் இருக்கக் கைகள் ஹாண்டில்பாரை இழுத்துக்கொண்டே வரவேண்டும். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். நம் சாலைகளில், மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இரண்டு கோடியும் வேண்டாம் என்பது என் கருத்து. மிகச் சிறிதளவு முன்சாய்வு, ஸ்பிரிங் போல் சற்றே மடங்கிய முழங்கை, முன்கையோடு ஒரே கோட்டில் நிற்கும் மணிக்கட்டு: இவை மூன்றும் கிடைத்தால் அதுவே தக்க ஹாண்டில்பார்.

அகலத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது நெம்புகோல் கணக்கு. நடுவிலிருந்து பிடி 35 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதை 40 சென்டிமீட்டராக்கினால், வண்டியைத் திருப்பும் முயற்சி எட்டில் ஒரு பங்கு குறையும். ஜவ்வாது மலையின் வளைவுகளில் அது நல்ல உதவி. ஆனால் தேரடி வீதியின் நெரிசலில் அகலமான ஹாண்டில்பாரைக் கொண்டு நுழைகிறவர் பிறருடைய கண்ணாடிகளுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

நம் இளைஞரின் விஷயத்தில் மரத்தவை சுண்டுவிரலும் மோதிரவிரலும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அதில் அவரை ஏறி அமரச் சொன்னேன். கண்களை மூடிக்கொண்டு, ஹாண்டில்பாரை மறந்துவிட்டு, கைகள் தாமாகப் போய் நிற்கும் இடத்தில் முஷ்டிகளை மடக்கும்படி சொன்னேன். அவை பிடிக்குப் பின்னே 3 சென்டிமீட்டரும், மேலே இரண்டரைச் சென்டிமீட்டரும் தள்ளி நின்றன. அவர் வாங்க நினைத்திருந்த ஹாண்டில்பாரோ பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடுதல் உயரமுள்ளது!

முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்தோம். கிளாம்பைத் தளர்த்தி, இருந்த ஹாண்டில்பாரையே சற்றுப் பின்னோக்கிச் சுழற்றியதில் பிடிகள் ஒன்றரைச் சென்டிமீட்டர் அருகே வந்தன. பிறகு பிரேக், கிளச் லீவர்களைத் திருப்பி, விரல்களை அவற்றின்மேல் நீட்டினால் புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் நிற்கும்படி செய்தோம். இந்த இரண்டு காரியங்களோடு பலருடைய துன்பம் தீர்ந்துவிடும். அவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ரைசர் என்ற உலோகத் துண்டுகளைக் கிளாம்புக்கு அடியில் கொடுத்து ஹாண்டில்பாரை உயர்த்தலாம். வண்டியின் முன் தண்டு செங்குத்தாக இல்லாமல் ஏறத்தாழ 25 டிகிரி பின்சாய்ந்திருப்பதால், 30 மில்லிமீட்டர் ரைசர் ஒன்று ஹாண்டில்பாரை 27 மில்லிமீட்டர் மேலே தூக்கும்போது 13 மில்லிமீட்டர் பின்னாலும் கொண்டுவருகிறது. இந்த முக்கோணக் கணக்கை உங்கள் கணித நோட்டில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. இதற்குப் பிறகும் மரப்பு அடியோடு நீங்கிவிடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடந்தால், வீடு வந்து சேரும்வரை விரல்கள் விரல்களாகவே இருக்கின்றன என்கிறார்.

வலக்கைக்கு மட்டும் ஒரு யோசனை உண்டு. ஆக்ஸிலரேட்டர் அந்தப் பக்கம் இருப்பதால் இடக்கையைப் போல் அதற்கு ஓய்வு கிடையாது. ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது நேராகப் பற்றிக்கொண்டு பிறகு முறுக்கினால், வழியெல்லாம் மணிக்கட்டு தொங்கியபடியே போகவேண்டியிருக்கும். வழக்கமாகப் போகும் வேகத்தை அடைந்த பின் பிடியைச் சற்று மாற்றிப் பற்றி, அந்த நிலையில் மணிக்கட்டு நேராக இருக்கும்படி வைத்துக்கொள்ளவேண்டும்.

ஹாண்டில்பாரை உயர்த்தும்போது அதோடு கட்டுண்ட பல பொருள்களையும் இழுக்கிறோம் என்பதை மறக்கலாகாது. ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளச் கேபிள், முன் பிரேக்கின் எண்ணெய்க் குழாய், மின்கம்பிகள் ஆகிய எல்லாம் பழைய உயரத்துக்கென்று அளந்து வெட்டியவை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்வைப் பல வண்டிகளில் அவை தாங்கும். அதற்கு மேல் போனால் நீளமானவற்றை வாங்கி மாட்டவேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹாண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எஞ்சினின் ஓசை சிறிதேனும் உயர்ந்தால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த வண்டி ஒரு முச்சந்தியில் திரும்பும்போது தானே வேகமெடுக்கும். பிரேக் குழாய் எந்தக் கோடியிலும் விறைத்து நிற்கக் கூடாது. லீவரோ விரலோ பெட்ரோல் டாங்கில் இடிக்கக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். என்னும் சறுக்குத் தடுப்பு பிரேக் கட்டாயமாகியிருக்கிறது. அத்தகைய வண்டியில் பிரேக் குழாயை மாற்றினால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு அதற்குரிய கருவியும் பழக்கமும் உள்ள ஒர்க்‌ஷாப்தான் வேண்டும். கிளாம்பின் அளவும் ஒத்துப்போகவேண்டும். 22 மில்லிமீட்டர், 25.4 மில்லிமீட்டர், 28.6 மில்லிமீட்டர் என்று பல விட்டங்களில் ஹாண்டில்பார்கள் வருகின்றன. இடைவெளியில் தகரத் துண்டைச் செருகி இறுக்கித் தருகிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

சட்டத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே வண்டியைச் செய்தவர்களே துணைப்பொருளாக விற்கும் ஹாண்டில்பார் இருந்தால் அதை முதலில் பார்க்கவேண்டும். வேறொன்று வாங்குவதானால், வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பதும் முறை.

எல்லாம் பொருத்திய பின் முதல் ஓட்டத்துக்கு நெடுந்தூரம் போகவேண்டாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேலூர்ச் சாலையிலேயே போளூர் வரை போய்த் திரும்புவது தக்க அளவு; ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஆகும். திருகுகளை, வண்டியின் கையேட்டில் கண்ட முறுக்கு அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கியிருக்கவேண்டும். அந்த ஸ்பானரையும், கிளாம்புக்குரிய சாவியையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். போளூரில் இறங்கியதும் எந்த விரல் மரத்திருக்கிறது, எந்தத் தோள் வலிக்கிறது என்று ஒரு சிறு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தி, கிளாம்பைத் தளர்த்தி, ஹாண்டில்பாரை ஒரே ஒரு நூலளவு சுழற்றி மீண்டும் இறுக்குங்கள். திரும்பி வந்து சேர்ந்ததும் இன்னொரு முறை குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, நான்கு திருகுகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.